வேணும்னு சொல்றவங்க எத்தனை பேர், பணம் கட்டுறவங்க எத்தனை பேர்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்க அப்பார்ட்மென்ட் குரூப்.

நான் இருக்கும் இடம் புறநகர்ப் பக்கம். எங்கள் தெருவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. 48 வீடுகளுக்கும் சேர்த்து ஒரு பழைய செப்டிக் டேங்க். வெயில் காலத்தில் வாரத்துக்கு ஒரு லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் லாரி வருவதற்குள் டேங்க் நிரம்பி, பார்க்கிங்கில் வழிய ஆரம்பித்துவிடும். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது பேன்ட்டை மடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுக்கிற அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும்.

போன வருஷம் எங்க அசோசியேஷன் செக்ரட்டரி குரூப்பில் ஒரு போல் போட்டார். ‘பெரிய டேங்க் கட்டலாமா?’ ஒரே நாளில் 44 பேர் ‘ஆமாம்’. கை தட்டுற ஸ்மைலி, நெருப்பு ஸ்மைலி எல்லாம் பறந்தது. அடுத்த வாரம் அவரே இன்னொரு மெசேஜ் போட்டார். ‘வீட்டுக்கு 12,000 ரூபாய். மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடுங்க.’ மாதம் முடிந்தது. எத்தனை பேர் கட்டினார்கள் தெரியுமா? 17.

44 பேர் வேணும்னாங்க, 17 பேர் கட்டினாங்க. மீதி 27 பேரும் பொய் சொன்னார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. ஏன்னா அந்த 44 பேரில் நானும் ஒருத்தி. நான் வாடகைக்கு இருப்பவள். பணம் கட்டப்போவது என் ஹவுஸ் ஓனர். என் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது என்று தெரிந்துதான், அவ்வளவு உற்சாகமாக ‘ஆமாம்’ அமுக்கினேன். இதை ஒத்துக்கொண்டுவிட்டு மேலே பேசுவதுதான் நியாயம்.

இன்றைய கேள்வி இதுதான்: ஒரு ஊருக்குச் சாக்கடை, ரோடு, மெட்ரோ, மழைநீர் வடிகால் மாதிரி பெரிய வேலைகளைச் செய்யப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைத் தர மக்கள் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்க 48 வீட்டுக்கே கணக்கு இப்படித் தப்பினால், ஒரு ஊருக்கு?

ஆலந்தூர் செய்த சோதனை

ரொம்ப தூரம் போக வேண்டாம். பரங்கிமலை பக்கம், ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலந்தூருக்குப் போவோம். இன்றைக்கு அது சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். 2011-ல்தான் சென்னையோடு சேர்ந்தது. அதற்கு முன் அது தனி நகராட்சி. 1990-களின் கடைசியில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. எங்க அப்பார்ட்மென்ட் மாதிரியே வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், திறந்த வடிகால், கொசு, நாற்றம்.

அப்போது நகராட்சித் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். பாரதி. ஊருக்கே பாதாளச் சாக்கடை போட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 34 கோடி ரூபாய். ஒன்றரை லட்சம் பேர் மட்டுமே இருந்த ஒரு நகராட்சிக்கு அந்தக் காலத்தில் இது மலை மாதிரித் தொகை. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் மாதிரியான இடங்களில் கடன் வாங்கலாம், அரசின் மானியமும் கொஞ்சம் கிடைக்கலாம். ஆனால் கடன் கொடுப்பவர் ஒரு கேள்வி கேட்பார்: ‘இதை எப்படித் திருப்பிக் கட்டுவீங்க?’

அதற்குப் பதில் மக்கள் கையில்தான் இருந்தது. அதனால் முதலில் ஒரு சர்வே எடுத்தார்கள். உங்களுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமா, அதற்குப் பணம் தருவீர்களா, எவ்வளவு தருவீர்கள் என்று வீட்டு மக்களிடமே கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் வேண்டும் என்றார்கள். இதுவரைக்கும் எங்க வாட்ஸ்அப் போல் மாதிரிதான்.

அடுத்துச் செய்ததுதான் முக்கியம். சர்வேயோடு நிற்கவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் 10,000 ரூபாய் முன்கூட்டியே டெபாசிட் என்று வைத்தார்கள். அப்புறம் வீட்டுக்கு மாதக் கட்டணம் 150 ரூபாய் என்று பேசினார்கள். அன்றைய 5,000 ரூபாய் பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். தரையில் ஒரு குழாய்கூடப் பதிக்காத நிலையில், ஒரு நகராட்சியை நம்பி அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும். நீங்களா இருந்தா கொடுத்திருப்பீங்களா?

ஆலந்தூர் மக்கள் கொடுத்தார்கள். உடனே எல்லோரும் வரிசையில் நிற்கவில்லை. தெருக் கூட்டங்கள், நோட்டீஸ், கேபிள் டிவி என்று விடாமல் பேசினார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூடவே வைத்துக்கொண்டார்கள். வசூலான பணத்தை நகராட்சியின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்தார்கள். 2000-ல் வேலை ஆரம்பித்தது. 2001-ல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. வேலை நிற்கவில்லை. 2003 வாக்கில் இணைப்புகள் கொடுக்க ஆரம்பித்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, சில காலம் நடத்தி, பிறகு நகராட்சியிடம் ஒப்படைக்கும் முறையில் செய்ததற்காக, இன்றைக்கும் நகர நிர்வாகம் படிப்பவர்களுக்கு ஆலந்தூர் ஒரு பாடம்.

என்னைப் பொறுத்தவரை பெரிய பாடம் வேறு. சர்வேயில் வரும் ‘ஆமாம்’ ஒரு கருத்து. ரசீதோடு வரும் ‘ஆமாம்’ ஒரு வாக்குறுதி. ஆலந்தூர் இரண்டையும் வாங்கியது. ஆனா பதிலுக்கு அதுவும் ஒரு வாக்குறுதி கொடுக்க வேண்டியிருந்தது: உங்க காசு எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.

‘வேணுமா?’ன்னு கேட்டா யார்தான் வேண்டாம்னு சொல்வாங்க?

இந்த இடைவெளியைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய சண்டை போட்டிருக்கிறார்கள். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற கப்பல் பாறையில் மோதி, கடலெல்லாம் எண்ணெய். அந்த இழப்புக்கு என்ன விலை போடுவது? இந்தக் கடற்கரை கெடாமல் இருக்க நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மக்களிடமே கேட்டுக் கணக்குப் போடலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. வாயால் சொல்வதெல்லாம் காசாகுமா என்று இன்னொரு தரப்பு கேட்டது. கடைசியில் அமெரிக்க அரசு ஒரு நிபுணர் குழு வைத்தது. பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் அதற்குத் தலைமை. 1993-ல் அறிக்கை வந்தது.

அவர்கள் சொன்னதை நம்ம ஊர் பாஷையில் சொல்கிறேன். ஒன்று, ‘எவ்வளவு தருவீங்க?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதே. ‘இந்த வேலைக்கு இவ்வளவு ரூபாய், ஆமாமா இல்லையா?’ என்று தேர்தலில் கேட்பது போலக் கேள். இரண்டு, இந்தப் பணம் உங்கள் வீட்டு பட்ஜெட்டிலிருந்துதான் போகும், வேறு எதையோ வாங்க முடியாமல் போகும் என்று நினைவுபடுத்து. மூன்று, சந்தேகம் வந்தால் குறைவான கணக்கையே எடுத்துக்கொள்.

இப்போ எங்க செக்ரட்டரி போட்ட போலைத் திரும்பப் பாருங்க. ‘பெரிய டேங்க் கட்டலாமா?’ விலை இல்லை, தேதி இல்லை, யார் கட்டணும்னு இல்லை. இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ சொல்வதும் ‘நல்ல மழை பெய்யட்டும்’ என்று சொல்வதும் ஒன்றுதான்.

லாஸ் ஏஞ்சலஸ்: அரை சதவீதத்தில் தோற்ற கதை

சில ஊர்களில் இதை நேரடியாக வாக்குச்சீட்டிலேயே கேட்டுவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி அப்படி ஒரு இடம். நான் சொல்லப்போகும் வாக்கெடுப்புகளின்போது, அங்கே ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று புது வரி போட வேண்டுமென்றால், கலிஃபோர்னியா விதிகளின்படி, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் கிடைத்தால் போதவில்லை, 66.67 சதவீதம் தேவைப்பட்டது.

2008-ல், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சாலைக்கும் என்று விற்பனை வரியில் அரை சென்ட் கூட்டக் கேட்டார்கள். பெயர் மெஷர் ஆர். சுமார் 68 சதவீதம் வாங்கி மயிரிழையில் ஜெயித்தது. 2012-ல் அதே வரியை இன்னும் 30 வருஷம் நீட்டிக்கக் கேட்டார்கள், மெஷர் ஜே. கிடைத்தது 66.1 சதவீதம். நம்ம ஊர்த் தேர்தலில் இது பிரம்மாண்டமான வெற்றி. அங்கே தோல்வி. அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்ததால், லட்சக்கணக்கானவர்கள் ‘ஆமாம்’ சொல்லியும் நடக்கவில்லை.

2016-ல் மெஷர் எம் என்று மறுபடி வந்தார்கள். இந்த முறை கேட்டது இன்னும் அதிகம்: கூடுதலாக அரை சென்ட், அதுவும் முடிவுத் தேதி இல்லாமல். ஆனால் 71 சதவீதம் கிடைத்தது. எந்த ஊருக்கு எந்தப் பாதை, எந்த வேலை எப்போது என்ற பட்டியலை முன்னாலேயே வைத்து, கவுன்ட்டியில் இருக்கும் பல நகரங்களோடும் பேசியிருந்தார்கள். அதற்குள், 2008-ல் கொடுத்த காசில் கட்டிய ரயில் பாதைகளையும் மக்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். வெறும் நீட்டிப்பு கேட்டபோது தோற்றவர்கள், என்ன கிடைக்கும் என்று காட்டிக் கேட்டபோது ஜெயித்தார்கள்.

ஸ்டாக்ஹோம்: முதல்ல பாருங்க, அப்புறம் சொல்லுங்க

ஸ்டாக்ஹோம் இன்னொரு வழியைக் காட்டியது. நகரின் மையத்துக்குள் வரும் கார்களிடம் நெரிசல் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று திட்டம். ஆரம்பத்தில் பெரும்பான்மை மக்கள் எதிர்த்தார்கள். சர்வே முடிவை வைத்து முடிவெடுத்திருந்தால் திட்டம் அன்றே செத்திருக்கும். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதம் அதை நடத்திப் பார்த்தார்கள். போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஜூலையில் கட்டணத்தை நிறுத்தினார்கள், செப்டம்பரில் வாக்கெடுப்பு. நகர மக்களில் பாதிக்குச் சற்று மேல் ‘ஆமாம்’ என்றார்கள். 2007-ல் நிரந்தரமானது.

அதற்கு முந்தின வருஷம், 2005-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இதே மாதிரித் திட்டத்துக்கு, நடத்திப் பார்க்காமல் வாக்கெடுப்பு வைத்தார்கள். நான்கில் மூன்று பங்குக்கு அருகே ‘வேண்டாம்’. திட்டம் அங்கேயே முடிந்தது. இரண்டும் வேறு வேறு ஊர், வேறு வேறு அரசியல். இருந்தாலும் ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது. மக்கள் கருத்து என்பது கல்வெட்டு இல்லை. எதை அனுபவித்த பிறகு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

24 வருஷம் யாரும் கேட்கலைன்னா?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில் 1998-ல் சொத்து வரியைப் பொதுவாக மாற்றியமைத்தார்கள். அதற்கு அடுத்தது 2022-ல். நடுவில் 24 வருஷம். 2022 ஏப்ரலில் வந்த அறிவிப்பில், பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 50 சதவீதம் உயர்வு, 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். சண்டை வரத்தான் செய்தது. வரும். 24 வருஷம் டிக்கெட் விலையை ஏற்றாமல் வைத்திருந்து ஒரே நாளில் ஏற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2016-ல் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கும் மேல் உங்கள் வார்டுக்குக் கவுன்சிலரே இல்லை. ‘எங்க தெருவில் மழைநீர் நிக்குது, வரி கட்டறேன், என்ன பண்றீங்க?’ என்று கேட்க ஒரு முகம் இல்லை. புது மன்றம் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கையில் எடுத்த பெரிய விஷயங்களில் ஒன்று வரி உயர்வு. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் மக்கள் ஆதரவை எதை வைத்து அளப்பது?

அதற்கான வழிகள் காகிதத்தில் இருக்கின்றன. ‘நமக்கு நாமே’ திட்டம் தெரியும்தானே? ஒரு வேலைக்கு ஆகும் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால், மீதியை அரசு போடும். ஆலந்தூர் டெபாசிட்டின் தம்பி மாதிரி. ஏரியா சபை என்று இன்னொன்று: கிராமங்களில் கிராம சபை இருப்பது போல, வார்டுக்குள் சிறு சிறு பகுதிகளாக மக்கள் கூடிப் பேசுவதற்கு. 2022-ல் நம்ம நகரங்களில் ஆரம்பித்தார்கள். உங்கள் பகுதியில் ஏரியா சபை எப்போது கூடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இந்த எபிசோடுக்குத் தயாராகும் வரை தெரியாது.

கணக்கில் வராதவர்கள்

இவ்வளவு நேரம் ‘காசு கொடுக்கத் தயாரா?’ என்பதைத்தான் நல்ல அளவுகோல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கட்ட முடியாதவர்களுக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை.

எங்க அப்பார்ட்மென்ட்டில் செப்டிக் டேங்க்குக்கு மிக அருகில் இருப்பது யார் தெரியுமா? வாட்ச்மேன் அண்ணனின் குடும்பம். படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறை. டேங்க் வழிந்தால் முதலில் தண்ணீர் போவது அவர்கள் வாசலுக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் அவர் இல்லை. போலில் அவருக்கு ஓட்டு இல்லை. 12,000 ரூபாயும் அவரிடம் இல்லை. அந்த டேங்க் யாருக்கு அதிகமாக வேண்டும் என்று கேட்டால், முதல் பெயர் அவருடையதுதான். நாங்கள் அளந்த ‘ஆதரவில்’ அவர் பூஜ்யம்.

ஊர் அளவிலும் இதேதான். சொத்து வரி கட்டுபவர் வீட்டுக்காரர். வாடகைக்கு இருப்பவர் நேரடியாகக் கட்டுவதில்லை. ஆனால் வாடகையில் அது வந்து சேரும். குடிசைப் பகுதியில் இருப்பவரிடம் டெபாசிட் கேட்க முடியாது. ஆனால் சாக்கடை இல்லாததால் வரும் நோய்க்கு அவர்தான் அதிகம் செலவழிக்கிறார். அந்தச் செலவும் ஒரு வரிதான், ரசீது தராத வரி. பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் தெருவுக்கு மட்டும்தான் வேலை என்று ஆகிவிட்டால், நல்ல சாலை இருக்கும் இடத்துக்கே இன்னும் நல்ல சாலை வரும்.

அதனால் ஒரு திட்டத்துக்கு ஆதரவு எவ்வளவு என்று யாராவது எண்ணைக் காட்டினால், நான் இப்போதெல்லாம் நாலு கேள்வி கேட்கிறேன். விலையைச் சொல்லிக் கேட்டார்களா? யாரிடம் கேட்டார்கள், யாரிடம் கேட்கவில்லை? காசு எந்தக் கணக்குக்குப் போகும், யார் பார்க்கலாம்? கட்ட முடியாதவர் பங்கை யார் ஏற்கிறார்கள்? இந்த நாலுக்கும் பதில் இல்லையென்றால், 90 சதவீத ஆதரவும் எங்க குரூப்பின் 44 ஸ்மைலி மாதிரிதான்.

டேங்க் என்ன ஆச்சு?

கேட்பீங்கன்னு தெரியும். முதல் முறை 17 பேர் கட்டினதும் செக்ரட்டரி கோபப்பட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, மழை வருவதற்கு முன், மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை மூன்று கொட்டேஷனையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்கள். தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. 12,000 ரூபாயை நாலு தவணையாகப் பிரித்தார்கள். லாரிக்கு வருஷத்துக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதையும் பக்கத்தில் எழுதிப் போட்டார்கள். அதைப் பார்த்துத்தான் பல பேர் வாயடைத்துப் போனார்கள். 39 பேர் கட்டினார்கள். பற்றாக்குறைக்கு, வாடகைக்கு இருப்பவர்களும் விருப்பப்பட்டால் தரலாம் என்றார்கள். அன்னைக்கு ‘ஆமாம்’ அமுக்கின அதே விரலால 2,000 ரூபாய் ஜிபே பண்ணினேன். இந்த முறை அமுக்குவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷம்தான் கருத்துக்கும் சம்மதத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் என்று நினைக்கிறேன்.

டேங்க் பாதி முடிந்திருக்கிறது. ஒன்பது வீடு இன்னும் கட்டவில்லை. அதில் இரண்டு வீட்டில் நிஜமாகவே கஷ்டம், அதை எல்லோருமாகப் பகிர்ந்துகொள்வதாக முடிவு. மீதி ஏழு வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை, போனும் எடுப்பதில்லை. வாட்ச்மேன் அண்ணன் தினமும் சாயங்காலம் போய்க் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.

உங்க தெருவில், உங்க அப்பார்ட்மென்ட்டில் இப்படிக் காசு திரட்டின கதை இருந்தா எனக்கு அனுப்புங்க, ஜெயிச்சதும் சரி, சொதப்பினதும் சரி. அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும், போல் வந்தா அமுக்கறதுக்கு முன்னாடி ‘எவ்வளவு?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.